நியூயார்க்கில் நிற்கக் கூடாது

லிக் ஃபோர்க்கில் ஓர்ஃபா கட்லிப்பைத் தெரியாத ஆள் யாராவது இருந்தால், அவர் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவராக இருக்க வேண்டும். முப்பத்தோரு வருஷம் அந்த மலைப்பாதையில் மஞ்சள் பேருந்து ஓட்டியவள். தண்டவாளம் வந்தால் பள்ளிப் பேருந்து நிற்க வேண்டும், கதவைத் திறந்து ரயில் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பாதையில் ரயில் போவது நின்று பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. தண்டவாளத்தின் நடுவில் ஆளுயரத்துக்குப் புதர் வளர்ந்திருந்தது. ஓர்ஃபா நிற்பாள், கதவைத் திறப்பாள், புதரைப் பார்த்துக் காது கொடுப்பாள், பிறகு போவாள். ஓய்வு பெற்ற பிறகு சொந்த பிக்கப் வண்டியிலும் அதையே செய்தாள். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தால், "எழுதியிருக்கறதை மாத்தச் சொல்லு, நான் மாத்திக்கறேன்" என்பாள்.

அப்படிப்பட்டவள் கைத்துப்பாக்கியைத் தொட்டது அறுபத்திரண்டாம் வயதில்தான். அதுவும் அவள் புருஷன் டோர்சியால்.

டோர்சி சுரங்கத்தில் இரவு முறை வேலை பார்த்தவன். நாற்பது வருஷமாக ஒரு சின்ன பிஸ்டல் அவனோடு வண்டியில் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் மாநிலமான மேற்கு வர்ஜீனியாவில் அதற்கு உரிமம்கூட வேண்டாம். ஆனால் உரிமம் இருந்தால் பக்கத்து மாநிலங்கள் சிலவற்றிலும் செல்லும் என்று எடுக்கப் போனான். தீயணைப்பு நிலையக் கூடத்தில் முடிவெட்டும் பர்ல் டூத்மன்தான் வகுப்பு எடுத்தார். ஜோடியாக வந்தால் கட்டணத்தில் சலுகை. அந்தச் சலுகைக்காக டோர்சி பெண்டாட்டியையும் இழுத்துப்போனான்.

சுடும் மைதானத்தில் பர்ல் அவள் கையில் ஒரு பழைய ரிவால்வரைக் கொடுத்தார். ஆறு குண்டு. ஆறும் இலக்கு அட்டையில் ஒரு சாசர் அளவுக்குள் விழுந்தன. டோர்சியின் ஆறில் இரண்டு அட்டையிலேயே படவில்லை.

"முன்னாடி எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார் பர்ல்.

"கத்துக்கல. அறுபது பிள்ளைங்க பின்னாடி கத்தும்போது கையை ஆடாம வெச்சிருந்தா போதும், இது ஒரு விஷயமா?"

சுடுவது அவளுக்குப் பிடித்துப்போனது. அதைவிடப் பிடித்தது சட்டம். வகுப்பில் அவள் கேட்ட கேள்விகளுக்கு பர்ல் பாதி நேரம் "அப்புறம் சொல்றேன்" என்றார். மாநில எல்லையை ஒரு அடி தாண்டினால் அதே துப்பாக்கி, அதே வண்டி, அதே ஆள், ஆனால் இங்கே நல்ல குடிமகன், அங்கே குற்றவாளி. இது அவள் மண்டையைக் குடைந்தது. கண்ணில் தெரிகிற மாதிரி வைக்க வேண்டுமா, தெரியாத மாதிரியா? குண்டு தனியாகவா, சேர்ந்தா? போலீஸ் நிறுத்தினால் நாமே சொல்ல வேண்டுமா, கேட்டால்தான் சொல்ல வேண்டுமா? ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு அட்டை போட்டு, நீல மையில் எழுதி, பழைய சமையல் குறிப்புப் பெட்டியில் அடுக்கினாள். ஆப்பிள் பை குறிப்பு இருந்த இடத்தில் இப்போது அலபாமா.

அவளுடைய அறுபத்தேழாம் வயதில், வெர்மான்ட்டில் ஒரு சங்கம் நடத்தும் ரிவால்வர் போட்டிக்கு அவளுக்கு அழைப்பு வந்தது. அறுபது தாண்டியவர்களுக்கு மட்டும். அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் வரைபடம் விரிந்தது. மேரிலாண்ட், பென்சில்வேனியா, நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ், கடைசியில் வெர்மான்ட். புறப்படுகிற இடமும் சேருகிற இடமும் தாராளமானவை. நடுவில் உள்ளவை அப்படியல்ல.

அதற்கு ஒரு மத்திய சட்டம் உண்டு. புறப்படும் மாநிலத்திலும் சேரும் மாநிலத்திலும் சட்டப்படி வைத்திருக்கலாம் என்றால், நடுவில் உள்ளவற்றை நீ கடந்து போகலாம். துப்பாக்கியில் குண்டு இருக்கக் கூடாது. துப்பாக்கியும் குண்டும் கைக்கெட்டாத இடத்தில் இருக்க வேண்டும். டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டிக்குள். முன்னால் இருக்கும் டாஷ்போர்டு அறை பெட்டிக் கணக்கில் வராது.

"கடந்து போகலாம்னு போட்டிருக்கு. நிக்கலாம்னு போட்டிருக்கா?" என்றாள் ஓர்ஃபா.

வழியில் உள்ள மாநிலங்களுக்கெல்லாம் போன் போட்டாள். ஒரு அலுவலகத்தில், "பெட்ரோல் போட, பாத்ரூம் போக நிக்கலாம்னுதான் நினைக்கிறேன்" என்றார்கள். அவள் போனை வைத்துவிட்டு டோர்சியைப் பார்த்தாள்.

"நினைக்கிறாராம். ஜெயில்ல என்னை வெச்சப்புறம் அவர் உக்காந்து நினைச்சுக்கிட்டே இருப்பாரு. நியூயார்க்ல வண்டி நிக்காது. கனெக்டிகட்லயும் நிக்காது. மாசசூசெட்ஸ்லயும்."

"எத்தனை மணி நேரம்?"

"நாலு."

டோர்சிக்கு எழுபது வயது. நாற்பது நிமிஷத்துக்கு ஒரு முறை எழுந்து போகிறவன். அவன் வரைபடத்தை ஒரு முறை பார்த்தான், தன் காபிக் கோப்பையை ஒரு முறை பார்த்தான். "ஓர்ஃபா, தாயே, இதைவிட நீ என்னை ரெண்டு குண்டு சுட்டுட்டுப் போயிடலாம்" என்றான்.

"உன் பிஸ்டலை வீட்ல வெச்சிட்டு வா. அது ஒண்ணுதான் உன்கிட்ட கேக்கறேன்."

"வெச்சிட்டேன்."

வியாழக்கிழமை புறப்பட்டார்கள். அவளுடைய ரிவால்வர் பூட்டிய பெட்டியில், பிக்கப்பின் பின்தொட்டியில், மேல்மூடிக்குக் கீழே. குண்டுகள் தொட்டியின் மறு மூலையில் வேறொரு பெட்டியில். இரண்டு சாவியும் அவள் கழுத்தில் கயிற்றில். மேரிலாண்டை எண்பது மைல் கடந்து, பென்சில்வேனியாவின் கிழக்கு ஓரத்தில், நியூயார்க் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு விடுதியில் தங்கினார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சாப்பாட்டுப் பையைத் திறந்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த, காரமான இறைச்சியும் சீஸும் உள்ளே வைத்துச் சுட்ட பெப்பரோனி ரோல்கள், ஒவ்வொன்றும் மெழுகுத்தாளில் சுற்றியிருந்தன. ஒன்றை எடுத்தாள். கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"டோர்சி, இந்த ரோல் என்ன இவ்வளவு கனமா இருக்கு?"

அவன் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

தாளைப் பிரித்தாள். பிஸ்டல். குண்டு நிரப்பிய பிஸ்டல். கைப்பிடியில் கொஞ்சம் சீஸ் ஒட்டியிருந்தது.

"யோவ்."

"ஊர் தெரியாத இடம் பாரு..."

"யோவ், நேத்து மேரிலாண்ட்ல எண்பது மைல்! ஒரு குற்றவாளியைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு, ராத்திரி சாப்பிட என்ன வேணும்னு கேட்டுக்கிட்டே ஓட்டியிருக்கேன்! இந்தப் பையில இருந்து நான் ரெண்டு ரோல் எடுத்துச் சாப்பிட்டேன்யா! மூணாவதைக் கடிச்சிருந்தா?"

"பல்லு போயிருக்கும்" என்றான் டோர்சி மெதுவாக. பிறகு, "நாப்பது வருஷமாச்சு ஓர்ஃபா. அது இல்லாம வண்டியில ஏறினா கால்சட்டை போடாம ஏறின மாதிரி இருக்கு" என்றான்.

திரும்பிப் போனால் போட்டி போச்சு. இங்கேயே விட்டுப்போக ஆள் இல்லை. அட்டைகளை எடுத்து அரை மணி நேரம் படித்தாள். குண்டைக் கழற்றிப் பூட்டினால் இதுவும் போகலாம். ஆனால் அவளுடைய பெட்டிக்குள் இருந்த பஞ்சு, அவள் ரிவால்வர் அளவுக்கு வெட்டியது, இன்னொன்று நுழையாது. சாலையோரத்து இரும்புக் கடை திறக்கும்வரை காத்திருந்து, மீன்பிடி சாமான் வைக்கும் பச்சைப் பெட்டி ஒன்றும் ஒரு பூட்டும் வாங்கினாள்.

கடைக்காரர் பேச்சுக் கொடுத்தார். "மீன் பிடிக்கவாம்மா?"

"ஒண்ணு பிடிச்சாச்சு" என்றாள் ஓர்ஃபா, வாசலில் நின்றிருந்த புருஷனைப் பார்த்து.

மூன்றாவது சாவியும் கழுத்துக்குப் போனது. காபி கிடையாது என்றாள். தண்ணீர் கிடையாது என்றாள். டோர்சி விடுதியின் கழிப்பறைக்கு மூன்று முறை போய்விட்டு வந்து, கல்யாணத்தன்று உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒன்பது மணிக்கு நியூயார்க்குக்குள் நுழைந்தார்கள். ஓர்ஃபா வேக எல்லைக்கு இரண்டு மைல் குறைவாக, ஒரே சீராக ஓட்டினாள். லாரிகள் அவளைத் தாண்டிப் போயின. இருபதாவது மைலில் டோர்சி பாட்டு ஒன்றை முணுமுணுத்தான். முப்பதாவது மைலில் நிறுத்திவிட்டான். ஹட்சன் ஆற்றுப் பாலத்தின் மேல் போகும்போது கண்ணை மூடிக்கொண்டான்.

"என்ன ஆச்சு?"

"கீழ அவ்வளவு தண்ணி ஓடுது. பார்க்க முடியல."

பாலம் தாண்டி ஆறேழு மைல் போனதும் பின்சக்கரம் ஒன்று படபடவென்று அடித்தது. வண்டி ஒரு பக்கம் இழுத்தது. பிள்ளைகள் நிறைந்த பேருந்தைப் பனியில் நிறுத்திப் பழகிய கை. பதறாமல் ஓரம் கட்டினாள். இன்ஜினை அணைத்தாள். இரண்டு கையையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்தாள்.

"நின்னுட்டோம்" என்றாள்.

"கடவுள்னு ஒருத்தர் இருக்காரு" என்று டோர்சி கதவுப் பிடியில் கை வைத்தான்.

"இறங்காத! நாம நிக்கல. வண்டிதான் நின்னிருக்கு. நீ இறங்கினா அது நாமளா நின்ன கணக்கு ஆயிடும்."

"ஓர்ஃபா, எனக்கு இப்ப சட்டம் பேச நேரமில்ல."

பின்னால் நீல விளக்கு சுழன்றது. மாநிலப் போலீஸ் வண்டி. இறங்கி வந்தது ஒரு இளம் பெண். இருபத்தாறு வயது இருக்கலாம். நெஞ்சில் பாஸ்குவரெல்லி என்று பெயர். உதவி செய்யத்தான் வந்தாள், முகத்தில் சிரிப்போடு.

"வணக்கம்மா. டயரா? பாத்தேன். ஸ்பேர் இருக்கா?"

"இருக்கு, ஆபீசரம்மா" என்றாள் ஓர்ஃபா. கை ஸ்டியரிங்கை விடவில்லை.

"ஜாக்கி எங்க? எடுத்துத் தரேன்."

"பின்தொட்டியில."

"திறந்துக்கவா?"

பர்ல் டூத்மன் வகுப்பில் பத்து முறை சொன்னது ஒன்றுதான்: கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஆனால் முப்பத்தோரு வருஷம், பேருந்தைச் சோதிக்க வருகிறவரிடம் பிரேக்கில் சத்தம் வருகிறது என்று தானே முந்திச் சொன்னவள் ஓர்ஃபா.

"ஆபீசரம்மா, அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். ஜாக்கிக்கு இந்தப் பக்கம் கருப்புப் பெட்டியில ஒரு ரிவால்வர். குண்டு இல்ல. அந்தப் பக்கம் பச்சைப் பெட்டியில ஒரு பிஸ்டல். அதுலயும் இல்ல. குண்டு எல்லாம் மூணாவது பெட்டியில. மூணும் பூட்டியிருக்கு. சாவி என் கழுத்துல. நான் கையை எடுக்கல. என் வீட்டுக்காரரும் எடுக்க மாட்டாரு."

பாஸ்குவரெல்லியின் சிரிப்பு மெல்ல மறைந்தது. ஒரு அடி பின்னால் போனாள். தோளில் இருந்த வானொலியில் ஏதோ சொன்னாள். "ரெண்டு பேரும் அப்படியே இருங்க. கை தெரியற மாதிரி. சார், உங்க கையும்."

டோர்சி இரண்டு கையையும் டாஷ்போர்டின் மேல் வைத்தான். "ஆபீசரம்மா, ஒரு விண்ணப்பம்."

"பேசாம இருங்க சார்."

"ரொம்பச் சின்ன விண்ணப்பம்."

"சார்!"

பத்து நிமிஷத்தில் சார்ஜண்ட் ஒடெரோ வந்து சேர்ந்தார். நரைத்த மீசை, அவசரமில்லாத நடை. ஓர்ஃபாவின் ஜன்னலுக்கு வந்து, "எங்கிருந்து எங்க போறீங்க?" என்றார்.

அவள் அனுமதி கேட்டு, இரண்டு விரலால் சட்டைப் பையிலிருந்து அட்டைகளை எடுத்து நீட்டினாள். போட்டி அழைப்புக் கடிதத்தையும் சேர்த்து. ஒடெரோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் அட்டையைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். லாரிகள் கடகடவென்று போய்க்கொண்டிருந்தன.

"இதுல சிவப்பு மையில அடிக்கோடு போட்டிருக்கறது?"

"அது உங்க மாநிலம் சார். 'நிற்கக் கூடாது'ன்னு."

"நிக்கறதுக்குக் காரணம்?"

"ஆணி குத்தியிருக்கும், சார். போய்ப் பாருங்க. என்கிட்ட சாட்சி இருக்கு."

அவர் போய்ப் பார்த்தார். ஆணி இருந்தது. திரும்பி வந்தார். "வேற ஏதாவது நான் தெரிஞ்சுக்க வேண்டியது இருக்கா?"

ஓர்ஃபா ஒரு நொடி யோசித்தாள். அவளுக்குள் இருந்த பேருந்து ஓட்டுநர் கதவைத் திறந்துவிட்டாள். "நேத்து மேரிலாண்ட்ல..."

டோர்சிக்கு அப்படி ஓர் இருமல் வந்தது; காசநோய் வார்டிலும் அப்படிக் கேட்டிருக்காது. இருமினான், இருமினான், கண்ணில் நீர் வரும்வரை இருமினான். நடுவே, "ரோல்... தொண்டையில..." என்றான்.

ஒடெரோ அவனைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "மேரிலாண்ட் என் மாநிலம் இல்லம்மா. இங்கிருந்து அங்க நடக்கறது எனக்குக் காது கேக்காது" என்றார்.

இருமியதில் டோர்சியின் நிலைமை மோசமாகிவிட்டது. அவன் முகம் பீட்ரூட் நிறத்துக்கு வந்தது. "சார்ஜண்ட், நீங்களும் ஒரு நாள் எழுபது வயசு ஆவீங்க. தயவுபண்ணி. அந்தப் புதர். உங்க துப்பாக்கி என் முதுகைப் பார்த்தே இருக்கட்டும்."

ஒடெரோவுக்கு விஷயம் புரிந்தது. ஐம்பத்தெட்டு வயது அவருக்கு. தானே கதவைத் திறந்து, சட்டைக்கு மேலே தடவிச் சோதித்து, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனார். இருவரும் போனார்கள், வெகுநேரம் வரவில்லை. புதர்ப் பக்கமிருந்து டோர்சியின் குரல் கேட்டது: "இன்னும் கொஞ்சம் இருக்கு சார்." அப்புறம் சார்ஜண்டின் குரல்: "மெதுவா, மெதுவா. டாக்டர்கிட்ட காட்டினீங்களா? ஒரு மாத்திரை இருக்கு, என் மச்சான் சாப்பிடறாரு."

அதற்குள் பாஸ்குவரெல்லி ஓர்ஃபாவிடம் சாவிகளை வாங்கி மூன்று பெட்டியையும் திறந்து பார்த்தாள். துப்பாக்கிகளின் எண்களை வானொலியில் கேட்டுச் சரிபார்த்தாள். மேலதிகாரி ஒருவரிடம் ஒடெரோ போனில் பேசினார்; அந்த அட்டையையே வரிக்கு வரி படித்துக் காட்டினார். எல்லாம் முடிய முக்கால் மணி நேரம். கடைசியில் சாவிக்கயிற்றை ஓர்ஃபாவிடம் கொடுத்தார்.

"சட்டத்துல இருக்கற மாதிரியே வெச்சிருக்கீங்க. இந்த ரோட்ல நான் இருபத்திரண்டு வருஷமா இருக்கேன். இப்படி யாரும் வெச்சுப் பாத்ததில்ல. பாதிப் பேரு சீட்டுக்கு அடியில போட்டுட்டு, எங்க ஊர்ல இது சரிதானேன்னு கேப்பாங்க. அப்புறம் கோர்ட்டு, வக்கீல், வீடு அடமானம். போங்கம்மா. ஜாக்கிரதையா போங்க."

"இப்ப நான் நின்னது நின்னதா, இல்லையா சார்?" என்றாள் ஓர்ஃபா. அது தெரியாமல் அவளால் போக முடியாது.

ஒடெரோ மீசையைத் தடவினார். "ஆணியைக் கேளுங்க" என்றார்.

டயரை பாஸ்குவரெல்லியே மாற்றினாள். ஓர்ஃபா பக்கத்தில் நின்று, எந்த போல்ட்டை முதலில் முடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். போகும்போது அவளுக்கு நான்கு பெப்பரோனி ரோல் கொடுத்தாள். அந்தப் பெண் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள். டோர்சிதான் கதையைச் சொல்லியிருக்க வேண்டும்.

கனெக்டிகட்டிலும் மாசசூசெட்ஸிலும் வண்டி நிற்கவில்லை. டோர்சி ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு பாட்டு முணுமுணுக்கவில்லை. வெர்மான்ட் எல்லையில் பயணிகள் நிலையம் வந்தது. வண்டி முழுதாக நிற்கும் முன்பே இறங்கி ஓடினான். எழுபது வயதில் அவன் ஓடுவதை ஓர்ஃபா அன்றுதான் பார்த்தாள்.

போட்டியில் பதினோரு பேர். ஓர்ஃபா ஏழாவது வந்தாள். முதல் சுற்றில் கை நடுங்கியது. அவள் வாழ்க்கையில் முதல் முறையாக. வேடிக்கை பார்க்கும் வரிசையிலிருந்து டோர்சி, "பின்சீட்டுப் பசங்க கத்தறாங்கன்னு நினைச்சுக்க!" என்று சத்தம் போட்டான். பக்கத்தில் இருந்தவர்கள் அவனை அடக்கினார்கள். இரண்டாம் சுற்றில் கை நின்றது. ஓய்வு பெற்ற பல் டாக்டர் ஒருவரை ஒரே ஒரு புள்ளியில் முந்தினாள். கலந்துகொண்ட எல்லோருக்கும் ஒரு டின் மேப்பிள் பாகு கொடுத்தார்கள். பல் டாக்டர் தன் டின்னையும் அவளுக்கே கொடுத்துவிட்டார், எனக்குச் சர்க்கரை என்று.

ஊர் திரும்பிய ஒரு வாரத்துக்குள் கதை பரவிவிட்டது. முதலில் சிரிக்கத்தான் கூப்பிட்டார்கள். பிறகு கேள்வி கேட்கக் கூப்பிட்டார்கள். மகள் வீட்டுக்கு இல்லினாய் போகிறவர், கடற்கரைக்கு மேரிலாண்ட் வழியாகப் போகிறவர், லாரி ஓட்டுகிறவர் என்று சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்துக்கொண்டே இருக்கும். ஓர்ஃபா ஒருநாளும் ஞாபகத்திலிருந்து பதில் சொன்னதில்லை. "போன மாசம் சரியா இருந்தது இந்த மாசம் மாறியிருக்கும். விசாரிச்சிட்டுச் சொல்றேன்" என்பாள். விசாரித்துச் சொல்வாள். தேவாலயத்து நகல் இயந்திரத்தில் அட்டைகளைப் பிரதி எடுத்தார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் அவள் கையெழுத்தில், "சந்தேகமிருந்தால் வீட்டில் வைத்துவிட்டுப் போ" என்று இருக்கும்.

டோர்சி மாத்திரை சாப்பிட ஆரம்பித்தான். அவள் வேலையாக இருக்கும்போது வருகிற அழைப்புகளை அவன் எடுப்பான். ஒரு நாள் மாலை, மேல்தெருவில் தேன் விற்கும் லெனோரா ஹமிக் கூப்பிட்டாள். தன் தம்பி புது மோட்டார் வீடு வாங்கியிருக்கிறான், அதில் கட்டில் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, ஆனால் நாலு சக்கரமும் இருக்கிறது; அலமாரியில் துப்பாக்கி வைத்தால் அது வீட்டில் வைத்ததா, வண்டியில் வைத்ததா?

டோர்சி சிரிப்பு வெளியே வராமல் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டான். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, "ஓர்ஃபா, அடுப்பை அணைச்சிட்டு வா. இன்னைக்குச் சாப்பாடு லேட்டாகும்" என்றான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, புது அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். டோர்சி கேள்வியைச் சொன்னான். "வண்டி ஓடுதா, நிக்குதான்னு முதல்ல கேளு" என்றாள்.